மீன்வளப் படிப்பும் தணிகாசலம் சாரின் சந்தேகங்களும்

தணிகாசலம் சார் இறந்துவிட்டார் என்ற செய்தி தெரியாத எண்ணிலிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம். பேசியவர் தன் பெயரைச் சொல்லவில்லை. சார் காலையில் தவறிவிட்டார், சாயந்திரம் எடுக்கிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் நம்பவில்லை. அவரோடு ஒரே ஆசிரியர் அறையில் பல வருடம் உட்கார்ந்தவன் எவனும் அப்படிப்பட்ட அழைப்பை நம்பமாட்டான். சாருடைய எண்ணுக்கே போட்டேன். அவர் மனைவி எடுத்தார்கள். என்ன கேட்பதென்று தெரியாமல், "சார் இருக்காருங்களா அம்மா?" என்று கேட்டுத் தொலைத்தேன். "நீங்க ஒருத்தராவது விசாரிச்சீங்களே தமிழய்யா. அவருக்கு அதுதான் புடிக்கும்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கும் அழுகை வந்தது.

நான் சாருடைய ஊரான சந்தவாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது தெருமுனையில் பேனர் கட்டியாகிவிட்டது. 'எல்லோரையும் நம்பிய வெள்ளை உள்ளம்' என்று போட்டிருந்தார்கள். வேறு யாருக்கோ அடித்த வாசகத்தைப் பேனர் கடைக்காரர் எடுத்து ஒட்டிவிட்டார் என்பது என் கணிப்பு. அடுத்த வாரம் மலைமேல் எங்கள் மேல்நிலைப்பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்திலும் அதே பாட்டைத்தான் பாடினார்கள். மலைக்கிராமத்துப் பெண் ஒருத்தியை மீன்வள அறிவியல் பட்டப்படிப்பில் ஒற்றை ஆளாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்று ஒருவர் முழங்கினார். கைதட்டல் கிளம்பியது. பின்வரிசையில் இருந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நடந்தது அப்படியல்ல. அவரைத் தெரிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

அவர் விலங்கியல் ஆசிரியர், நான் தமிழாசிரியர். நான் மலைமேலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அவர் தினமும் வந்துபோவார். போளூரில் நிற்கும் எங்கள் மலைப் பேருந்தின் நெற்றியில் ஜமுனாமரத்தூர் என்று பெரிதாக எழுதியிருக்கும். ஆனாலும் கண்டக்டரை ஒருமுறை கேட்பார். டிரைவரைத் தனியாக ஒருமுறை கேட்பார். கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவையும் விடமாட்டார். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால்தான் உட்காருவார். இது என்ன வியாதி என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். எப்போதோ ஒரு மழைநாளில் பலகையை நம்பி ஏறியிருக்கிறார். வண்டி பாதி மலையில் திரும்பிவிட்டது. மிச்ச மலையை நனைந்துகொண்டே ஏறியிருக்கிறார். "போர்டு ஊருக்குப் போவாது தமிழய்யா. டிரைவர் போனாத்தான் போவும்" என்றார். நான் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து நானும் டிரைவரைக் கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறேன்.

ஆசிரியர் அறையில் யார் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து வருவது ஒரே கேள்விதான்: "யாரு சொன்னது?" நாளை விடுமுறை என்றாலும் அதுதான், சம்பளக் கமிஷன் வருகிறது என்றாலும் அதுதான். தன் கல்யாணத்துக்கே இரண்டு பஞ்சாங்கம் வாங்கி ஒப்பிட்டுப் பார்த்த ஆள் என்று அவர் மனைவியே சொல்வார்கள். கீழேயிருந்து வந்த எங்களுக்கு இது கேலிப்பொருள். மலைச்சனங்களுக்கு அப்படியில்லை. கூலி வேலை என்று நயமாகப் பேசி ஆட்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். போன ஆள் செம்மரம் வெட்டிய வழக்கில் வெளிமாநிலச் சிறையில் கிடப்பது பிறகுதான் தெரியவரும். அதனால் வாத்தியார்களிலேயே விவரமான ஆள் தணிகாசலம் சார் என்று அவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சாமிக்கண்ணு என்பவருடைய மகள் பவித்ரா அப்போது எங்களிடம் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். சாமிக்கண்ணு தன் நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டி மீன்குஞ்சு விட்டிருந்தார். நன்றாக வளர்ந்து வந்த மீன்கள் ஒரு விடியற்காலையில் மொத்தமாகச் செத்து மிதந்தன. விலங்கியல் வாத்தியார் வந்து பார்க்கட்டும் என்று ஆள் அனுப்பினார். நானும் கூடப் போனேன். பக்கத்து நிலம் சாமிக்கண்ணுவின் தம்பி கோவிந்தனுடையது. முந்தின நாள் சாயந்திரம்தான் அவர் தக்காளிக்கு மருந்து அடித்திருந்தார். மருந்து டப்பா வரப்பிலேயே கிடந்தது. சார் தண்ணீரைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். அண்ணன் தம்பிக்குள் தகராறு உண்டா என்று கேட்டார். வரப்புத் தகராறு இல்லாத அண்ணன் தம்பி எந்த ஊரில் இருக்கிறார்கள்? இருக்கிறது என்றார் சாமிக்கண்ணு.

"இது தெரிஞ்சவன் கைதான்" என்றார் சார்.

பேருந்தைப் பற்றிச் சொல்வதுபோல, தேநீரில் தண்ணீர் அதிகம் என்று சொல்வதுபோல, போகிற போக்கில் சொன்னார். பள்ளிக்குத் திரும்புவதற்குள் மறந்தும் போனார். சாமிக்கண்ணு மறக்கவில்லை. கோவிந்தன் சத்தியம் செய்தார், சண்டை போட்டார், பிறகு பேசுவதை நிறுத்திக்கொண்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி முளைத்தது. இதில் அதிகம் அடிபட்டவள் பவித்ரா. குழந்தை இல்லாத அந்தச் சித்தப்பா வீட்டில்தான் அவள் பாதி வளர்ந்தாள். தண்ணீரைப் பார்த்து மீன் எதனால் செத்தது என்று சொல்ல முடியாதா என்று வகுப்பில் எழுந்து கேட்டாளாம். தனக்குத் தெரியாது, அதற்கென்றே மீன்வள அறிவியல் என்று ஒரு படிப்பு இருக்கிறது என்று சார் சொன்னார். அப்படியானால் அதைத்தான் படிப்பேன் என்று அவள் பிடித்த பிடியாக நின்றாள். செத்த மீனுக்காகப் படிக்கப் போகிற முதல் ஆள் என்று நாங்கள் கிண்டல் செய்தோம். அவள் சிரிக்கவில்லை.

பரீட்சை முடிந்ததும் அந்தப் படிப்புக்கு என்ன தகுதி வேண்டும் என்ற விசாரணையில் சார் இறங்கினார். அவருக்குப் பிறவிப் பயன் கிடைத்ததுபோல ஆயிற்று. ஏனென்றால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பவித்ரா எடுத்தது இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். கணக்கு இல்லாமல் அந்தப் படிப்பு கிடைக்காது என்றார் கணக்கு வாத்தியார். நீட் எழுதியிருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். விண்ணப்பம் போட்டுத்தரும் பிரவுசிங் சென்டர்க்காரர் ஒரு படி மேலே போய், அது கடற்கரை மீனவர் பிள்ளைகளுக்கு மட்டும் என்றார். எல்லோரிடமும் சார் அதே கேள்வியைக் கேட்டார். யார் சொன்னது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

பல்கலைக்கழகத்து விவரக் கையேட்டில் பதில் இருந்தது. அதையும் அவர் நம்பவில்லை. அச்சில் வருவதெல்லாம் போன வருஷத்து நியாயம் என்பார். சேர்க்கை அலுவலகத்துக்குப் போன் போட்டார். எங்கள் பள்ளியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று, தணிகாசலம் என்ற ஆசிரியராக ஒருமுறை கேட்டார். சில நாள் கழித்து, செங்கத்திலிருந்து ராஜேந்திரன் என்ற தகப்பனாராக இன்னொருமுறை கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆளு மாறினா பதில் மாறுதான்னு பாக்க வேணாமா?" என்றார். பதில் மாறவில்லை. கணக்கு கட்டாயமில்லை, தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்து உயிரியலுக்குச் சமம். நீட் தேவையில்லை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை. மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, ஆனால் மற்றவர்களுக்குக் கதவு அடைக்கவில்லை. பழங்குடியினர் ஒதுக்கீட்டுக்குச் சாதிச் சான்றிதழின் அசல் வேண்டும். இரண்டு வாயும் ஒன்றையே சொன்ன பிறகு பவித்ராவை விண்ணப்பம் போடச் சொன்னார்.

அதோடு நிறுத்தியிருந்தால் அவர் தணிகாசலம் இல்லையே. சேர்க்கைக் காலத்தில் கல்லூரித் தரகர்கள் மலையேறுவார்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டால் பிள்ளை வேறு எங்கும் போக முடியாது என்பது அவர்கள் வித்தை. அதனால் மதிப்பெண் பட்டியல் வாங்க வந்த பிள்ளைகளிடம் சார் சொன்னார். பிறகு சாமிக்கண்ணு வீட்டுக்கே போய் உட்கார்ந்து அடித்துச் சொன்னார். சீட்டு இருக்கிறது, அசலோடு கிளம்பி வா என்று எவன் போனில் சொன்னாலும் அவன் திருடன். போனை வை, அந்த எண்ணை பிளாக் செய்.

பவித்ரா அப்படியே செய்தாள்.

முதல் சுற்றுக் கலந்தாய்வில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து, மாற்றுச் சான்றிதழ் விஷயமாகப் பள்ளிக்கு வந்தவள் எங்களிடம் சந்தோஷமாகச் சொன்னாள். முந்தின நாள் ஒரு பொம்பளை போன் செய்து, ஒரு இடம் காலியாகியிருக்கிறது, அசல் சான்றிதழ்களோடு நேரில் வா என்றாளாம். நீ யார், உனக்கு என் நம்பரை யார் கொடுத்தது என்று இவள் திருப்பிக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாளாம். சாருக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கே அந்தத் திருடியின் நம்பர், காட்டு என்றார். போனை வாங்கிப் பார்த்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது அவரே மனப்பாடமாக வைத்திருந்த எண். பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்து எண். மின்னஞ்சலும் வந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. ஆனால் அந்த முகவரியைத் தொடங்கியவர் பிரவுசிங் சென்டர்க்காரர். கடவுச்சொல் அவருக்கே ஞாபகமில்லை.

தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினோம். சார் தன் போனிலிருந்து பேசினார். எதிர்முனையில் இருந்த அம்மா பெயரைக் கேட்டார்கள். தணிகாசலம் என்றார். போன மாதம் இதே எண்ணிலிருந்து இதே குரல் ராஜேந்திரன் என்று பேசியதே என்றார்கள் அந்த அம்மா. புரோக்கர்களிடம் நாங்கள் பேசுவதில்லை என்று வைத்துவிட்டார்கள். அவர் திரும்பக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. யாரையும் நம்பாத மனிதரை நம்ப ஒரு ஆள் இல்லாமல் போனது. வேறு நேரமாக இருந்தால் நான் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். அன்று சிரிக்க முடியவில்லை. அந்தப் பெண் எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். போனை அவள் கையிலேயே கொடுத்து, பிளாக்கை எடுத்துவிட்டு நீயே பேசு என்றேன். அவள் பேசினாள். மறுநாள் மதியத்துக்குள் அசலோடும் பெற்றவரோடும் நேரில் வந்தால் இடம் அவளுக்கு. இல்லையென்றால் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

அப்போது பிற்பகல். கடலோரத்தில் இருக்கிற கல்லூரி அது. மலைப் பேருந்தைப் பிடித்து, ஊர் ஊராக மாறிப் போனால் மறுநாள் மதியத்துக்குள் சேர முடியுமா என்பது சந்தேகம். அதைவிடப் பெரிய தடை சாமிக்கண்ணு. நாங்கள் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் சான்றிதழ் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்குப் போவாதன்னு சொன்னது நீங்க. இன்னிக்குப் போன்னு சொல்றதும் நீங்க. எந்த சாரை நாங்க நம்பறது?"

நான் சமாதானம் பேசப் பார்த்தேன். என்னை யார் மதித்தார்கள்? நல்ல வார்த்தை சொல்லித்தான் இந்த மலையிலிருந்து எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனார்கள் என்றார் சாமிக்கண்ணு. அவர் சொன்னதில் தப்பில்லை. கொஞ்ச நேரம் கழித்து சார் சொன்னார்: தன்னை நம்ப வேண்டாம், சொந்தக்காரன் ஒருவன் வண்டி ஓட்டட்டும், பையை நீங்களே மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். அந்த ஊரில் சொந்தமாக டெம்போ வைத்திருந்தது கோவிந்தன் ஒருவர்தான். சென்னை வரை தக்காளி ஏற்றிப் போகிறவர், வழியெல்லாம் தெரிந்தவர்.

"அவனா? அவன்தான மருந்து ஊத்தனான். நீங்கதான சார் சொன்னீங்க" என்றார் சாமிக்கண்ணு.

தணிகாசலம் சார் எழுந்தார். வேலியைச் சுற்றிக்கொண்டு கோவிந்தன் வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். கோவிந்தன் வாசலில் டெம்போவின் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. சார் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பவித்ராவுக்கு வந்த இடம், நாளை மதியம் கெடு, வண்டி வேண்டும். கோவிந்தன் கடைசிவரை கேட்டுவிட்டு, மடித்த தார்ப்பாயைக் கீழே வைத்தார்.

"நான்தான் மருந்து ஊத்தனேன்னு எங்க அண்ணங்கிட்ட யாரு சார் சொன்னது?"

கோவிந்தனுக்குப் பதில் தெரியும். ஊருக்கே தெரியும். இருந்தும் கேட்டார். சார் ஊர்ப் பேச்சு என்று சொல்லியிருக்கலாம், அப்படிச் சொல்லவில்லை என்று சாதித்திருக்கலாம். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"நான்தான் சொன்னேன்" என்றார். "கண்ணால பாக்கல. சந்தேகம்தான். அதைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். தப்பு என்னுது."

கோவிந்தன் வீட்டுக்குள் போனார். சட்டையை மாட்டிக்கொண்டு வந்து வண்டியைக் கிளப்பினார். அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தி, பிள்ளையைக் கூப்பிடு என்று வீட்டுக்குள் பார்த்துச் சொன்னார். தம்பியே வண்டியோடு வந்து நின்ற பிறகு சாமிக்கண்ணுவால் மறுக்க முடியவில்லை. ஆனாலும் அவர் பக்கத்தில் உட்கார மனமில்லாமல் பையோடு பின்னால் ஏறிக்கொண்டார். முன்னால் கோவிந்தன், நடுவில் சார், ஜன்னலோரம் பவித்ரா. பள்ளியில் மறுநாள் ஆள் வேண்டும் என்பதால் நான் தங்கிவிட்டேன்.

மறுநாள் வகுப்பில் எனக்கு ஒரு செய்யுளும் ஓடவில்லை. மதியத்துக்கு மேல் போன் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. அந்த அம்மா இவரைப் பார்த்ததும், வாங்க ராஜேந்திரன் சார் என்றார்களாம். "தணிகாசலம்மா. ராஜேந்திரன் வரல" என்று இவர் அடையாள அட்டையை எடுத்து நீட்டினாராம். இதுதான் அவர் ஒற்றை ஆளாகக் கொண்டுபோய்ச் சேர்த்த கதை.

அவர் பணி ஓய்வு பெற்ற பிறகு, போன வருடம், பவித்ரா விடுமுறைக்கு வந்திருந்தாள். சாமிக்கண்ணு மறுபடியும் குட்டையில் மீன் விட்டிருந்தார். மீன் நிறைய, தீனிக்காகக் கொட்டிய சாணம் அதைவிட நிறைய, தண்ணீர் பச்சைப் பசேலென்று இருந்தது. தொடர்ந்து மேகமூட்டமாக இருந்த நாட்களில் ஒரு விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை அவள் பார்த்தாள். தண்ணீரைச் சோதித்தாள். தண்ணீரில் கரைந்திருக்க வேண்டிய பிராணவாயு தீர்ந்துபோயிருந்தது. மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை அடித்துக் கலக்க வைத்து மீன்களைக் காப்பாற்றினாள். சாருக்குப் போன் செய்து சொன்னபோது அவர் என்ன கேட்டிருப்பார் என்பதை அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சந்தவாசலிலிருந்து மலையேறி வந்து என் அறையில் தங்கினார். விடியற்காலையில் குட்டைக் கரையில் நின்று, தன் கண்ணெதிரே மறுபடி சோதிக்கச் சொன்னார். அதற்குப் பிறகும் விடவில்லை. முதல்முறை மீன் செத்த அன்றைக்கும் இதுதான் நடந்தது என்று எப்படிச் சொல்வாய் என்று கேட்டார். அன்றைய தண்ணீரைத் தான் சோதிக்கவில்லை என்று அவள் ஒப்புக்கொண்டாள். "ஆனா மருந்துன்னா தலப்பிரட்டையும் செத்திருக்கும் சார். செத்த மீனை அள்றப்ப என் கால்ல உசுரோட மொய்ச்சுதே" என்றாள்.

பிறகு கோவிந்தன் வீட்டுக்குப் போய் அதையும் தானே சொன்னார். நீங்கள் செய்யவில்லை, உறுதியாகிவிட்டது என்றார். கோவிந்தன் தேநீர் கொடுத்தார். "மீன் எதனால செத்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் பண்ணலன்றது எனக்கு அன்னிக்கே தெரியுமே சார்" என்றார். திரும்பி வரும்போது சார் அந்த வாக்கியத்தை எனக்கு இரண்டு தடவை சொல்லிக் காட்டினார். அதற்கப்புறமும் அவர் சந்தேகப்படுவதை விடவில்லை. கண்ணமங்கலத்தில் வாங்கிய மிக்சியை மூன்று கடையில் காட்டி விசாரித்தார். மாறியது ஒன்றுதான். எதைச் சந்தேகித்தாலும், இது என் சந்தேகம்தான், யாரும் சொன்னதல்ல என்று கூடவே சொல்லப் பழகியிருந்தார்.

சாவு வீட்டுக்கு சாமிக்கண்ணுவும் கோவிந்தனும் ஒரே வண்டியில் வந்திருந்தார்கள், முன் இருக்கையில் சேர்ந்து உட்கார்ந்து. பவித்ரா சாரின் மனைவியோடு உள்ளே இருந்தாள். எடுத்த பிறகு, கோவிந்தன் என்னைத் தெருவோரமாகக் கூப்பிட்டார்.

"அன்னிக்குக் காலேஜுக்குப் போறப்ப சார் வண்டியில தூங்கிட்டாரு தமிழய்யா. மலை வளைவு எறங்கி முடிக்கல, அதுக்குள்ள என் தோள் மேல சாஞ்சுட்டாரு. எனக்கு அவரு மேல அப்ப அவ்ளோ கோவம். ஆனா எழுப்ப மனசு வரல. காலையில ஊர் வர்ற வரைக்கும் தோளை அசைக்காமலே ஓட்டனேன்."

வெள்ளை உள்ளம் என்ற பேனரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். அவருடைய சந்தேகங்களிலும் எனக்குப் பங்கு வேண்டாம், என்னிடமே போதுமான அளவு இருக்கிறது. தன்மேல் கோபப்பட எல்லா நியாயமும் உள்ள ஒரு மனிதரின் தோளில், அவர் ஓட்டும் வண்டியில், மலையிறக்கத்தில் தணிகாசலம் சார் தூங்கிப்போனார். அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது அந்தத் தூக்கத்தை மட்டும்தான்.